ரிஃபாவும் சென்னை சிட்டியும்: கழகத்துக்கு ஊர் எதற்கு?

2020 ஜனவரி 14. தமிழ்நாட்டில் அன்று போகி. அகமதாபாத் மைதானம் ஒன்றில் தமிழ்நாட்டுக் கழகமான சென்னை சிட்டி எஃப்சி, பஹ்ரைன் நாட்டின் லீக் வாகையரான ரிஃபா கழகத்தை எதிர்த்து இறங்கியது. ஆசிய சாம்பியன்ஸ் லீக்கின் முதல் தகுதிச்சுற்று அது. ஒரே ஆட்டம், தோற்றவர் வெளியே. ஆட்டம் முடிந்தபோது ரிஃபா 1, சென்னை சிட்டி 0. தமிழ்நாட்டுக் கால்பந்துக் கழகம் ஒன்று ஆசியாவின் முதல்தரப் போட்டியின் வாசல் வரை போனது அந்த ஒரு தடவைதான். வாசலில் நின்று திருப்பி அனுப்பியது ஒரு வளைகுடாக் கழகம்.

அன்றைக்கு மறுநாள் பொங்கல், அடுத்தடுத்து அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று மதுரைச் சீமையே வாடிவாசலைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம். உசிலம்பட்டியில் இந்த ஆட்டத்தைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை. கபடியும் காளையும் கோலோச்சும் ஊர் இது. ஆனாலும் வளைகுடா எங்களுக்குத் தூரத்து நாடல்ல. மானாவாரி பொய்த்துப்போன வருஷங்களில் சவூதிக்கும் குவைத்துக்கும் கத்தாருக்கும் போன குடும்பங்கள் இந்த வட்டாரத்தில் நிறைய. அங்கே எழும்பிய அரங்கங்களின் கம்பியையும் கான்கிரீட்டையும் நம் ஆட்களின் கைகளும் தொட்டிருக்கின்றன. அந்த அரங்கங்களுக்குள் ஆடும் கழகங்கள் எப்படி வளர்ந்தன, நம்முடைய கழகம் ஏன் வளராமல் போனது என்பதை நாம் யோசித்துப் பார்த்ததில்லை. யோசிக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

சென்னை சிட்டி தன் தொடக்கத்தை 1946 என்று சொல்லிக்கொண்டது. நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப் என்பது அப்போது அதன் பெயர். நேதாஜி பெயரைக் கேட்டால் உசிலம்பட்டிக்காரர் ஒருமுறை திரும்பிப் பார்ப்பார். அவர் தொடங்கிய பார்வர்டு பிளாக்கின் கோட்டையாக இருந்த ஊர் இது. மூக்கையாத் தேவர் பலமுறை வென்ற தொகுதி. விடுதலைக் காலத்தில் அந்தப் பெயரைத் தாங்கி எழுந்த எத்தனையோ மன்றங்களில் சென்னையின் அந்தச் சின்னக் கழகமும் ஒன்று. பிறகு பல பத்தாண்டுகள் சென்னை லீக் என்ற வட்டத்துக்குள்தான் அதன் வாழ்க்கை.

அந்தக் காலத்துத் தமிழ்நாட்டுக் கால்பந்தில் கழகங்களைவிட அலுவலகங்களே பெரியவை. இந்தியன் வங்கி, தெற்கு ரயில்வே, ஐ.சி.எஃப். போன்ற நிறுவன அணிகள்தான் பையன்களின் கனவு. நன்றாக ஆடினால் வேலை கிடைக்கும். காலையில் பயிற்சி, பிறகு அலுவலகம், மாதம் பிறந்தால் சம்பளம். இந்தியாவின் முதல் தேசியக் கால்பந்து லீக் 1996இல் தொடங்கியபோது தமிழ்நாட்டிலிருந்து ஆடியதும் இந்தியன் வங்கி அணிதான். அந்த ஏற்பாட்டை இப்போது குறைத்துப் பேசுகிறவர்கள் உண்டு. என்னால் அப்படிப் பேச முடியாது. எத்தனையோ ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குப் பந்து சோறு போட்டது அந்த வழியில்தான். ஆனால் அதில் ஒரு குறை இருந்தது. அலுவலக அணிக்கு ஊர் கிடையாது. விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள் எடுப்பது குறைந்ததும் அணி மெலிந்தது. அதற்காகக் கேட்க எந்தத் தெருவும் திரண்டு வரவில்லை.

2016 இறுதியில் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு, அப்போது நாட்டின் முதன்மை லீக்காக இருந்த ஐ-லீக்கில் இரண்டு புதிய கழகங்களுக்கு நேரடி இடம் கொடுத்தது. ஒன்று பஞ்சாபின் மினர்வா, மற்றொன்று ரோஹித் ரமேஷை உரிமையாளராகக் கொண்ட சென்னை சிட்டி. முதல் பருவத்தைச் சென்னை நேரு அரங்கில் ஆடினார்கள். அதே அரங்கில்தான் இந்தியன் சூப்பர் லீக்கின் (ஐ.எஸ்.எல்.) சென்னையின் எஃப்சியும் ஆடியது. அபிஷேக் பச்சனும் தோனியும் பங்குதாரர்கள், 2015இலும் 2018இலும் கோப்பை வென்ற அணி. அந்த வெளிச்சத்துக்குப் பக்கத்தில் சென்னை சிட்டியின் விளக்கு எரிவது கஷ்டம். 2017-18 பருவத்துக்குக் கழகம் கோயம்புத்தூர் நேரு மைதானத்துக்குக் குடிபெயர்ந்தது. பெயரில் சென்னை, ஆடுவது கோவையில். இரண்டு பருவங்களிலும் பட்டியலின் கீழ்ப்பாதிதான். ஆனால் குமரி மாவட்டக் கடற்கரையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ் என்ற நடுகள வீரரை நாடு அறிந்தது இந்தச் சட்டையில்தான்.

அடுத்த பருவம், 2018-19, தனியாகச் சொல்ல வேண்டியது. சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்சியாளர். ஸ்பெயினிலிருந்து பெட்ரோ மான்சி, நெஸ்டர் கோர்டில்லோ, சாண்ட்ரோ ரோட்ரிகஸ், ராபர்ட்டோ எஸ்லாவா. அவர்கள் யாரும் பெரிய பெயர்கள் இல்லை. ஸ்பெயினின் கீழ்நிலை லீக்குகளில் ஆடிப் பக்குவப்பட்டவர்கள். அவர்களோடு எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ், அஜித்குமார் போன்ற தமிழ்நாட்டு இளைஞர்கள். பந்தைத் தூக்கி அடிக்காமல் தரையோடு தரையாகக் கொடுத்து வாங்கி முன்னேறும் ஆட்டம். முதல் ஆட்டத்திலேயே இந்தியன் ஆரோஸ் அணியை 4-1 என்று வென்றார்கள், மான்சிக்கு மூன்று கோல். பருவம் முடிந்தபோது அவர் கணக்கில் 21 கோல்.

கடைசி நாள் 2019 மார்ச் 9. சென்னை சிட்டி 40 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 39. கோவையில் மினர்வாவோடு ஆட்டம், அதே நேரத்தில் கோழிக்கோட்டில் கோகுலத்தோடு ஈஸ்ட் பெங்கால். மூன்றாவது நிமிடத்திலேயே மினர்வாவின் ரோலண்ட் பிலாலா கோல் அடித்துவிட்டார். இடைவேளை வரை 0-1. அப்படியே முடிந்து ஈஸ்ட் பெங்கால் ஜெயித்துவிட்டால் கோப்பை கொல்கத்தாவுக்கு. இரண்டாம் பாதியில் கிடைத்த பெனால்டியை மான்சி கோலாக்கினார். பிறகு கௌரவ் போரா. அசாமைச் சேர்ந்த அந்த இளைஞரின் வேலை கோல் அடிப்பதல்ல, தடுப்பது. அன்று அவர் முன்னேறி வந்து ஒரு கோல் அடித்தார், கூடுதல் நேரத்தில் இன்னொன்று. 3-1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் பின்தங்கியிருந்து 2-1 என்று ஜெயித்தது. ஆகவே கோவையில் ஆட்டம் சமனாகியிருந்தால்கூடக் கோப்பை கைநழுவியிருக்கும். 43 புள்ளிக்கு 42. இருபது ஆட்டங்களில் 13 வெற்றி. ஐ-லீக் தமிழ்நாட்டுக்கு வந்தது அதுவே முதல் முறை.

அந்த ஆண்டு பிப்ரவரியில் சுவிட்சர்லாந்தின் பாசெல் கழகம் சென்னை சிட்டியில் 26 சதவீதப் பங்கை வாங்கியிருந்தது. ஐரோப்பாவின் பழம்பெரும் கழகம் ஒன்று கோவையில் ஆடும் அணியை நம்பிப் பணம் போட்டது சாதாரண விஷயமல்ல. ஐ-லீக்கை வென்றதால் ஆசிய சாம்பியன்ஸ் லீக்கின் தகுதிச்சுற்றில் இடமும் கிடைத்தது. ஆனால் அதே 2019 அக்டோபரில் வியட்நாமின் டா நாங்கில் கூடிய ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு, இந்தியாவின் முதன்மை லீக் இனி ஐ.எஸ்.எல்.தான் என்ற திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. ஐ-லீக் வாகையர் என்ற தகுதியில் அந்த வாசலுக்குப் போன கடைசிக் கழகம் சென்னை சிட்டி. ஏறி நின்ற ஏணியை ஏறியவர்கள் நிற்கும்போதே எடுத்துவிட்டார்கள்.

ஆசியாவுக்கான அந்த ஒற்றை ஆட்டத்தைச் சென்னை சிட்டி சொந்தக் களத்து ஆட்டமாகத்தான் ஆடியது. ஆனால் அது நடந்தது கோவையிலும் அல்ல, சென்னையிலும் அல்ல. குஜராத்தில். எனக்கு இந்தக் கதையில் அதிகம் உறுத்துவது ஸ்கோர் அல்ல, இதுதான். ஒரு வருஷம் முழுக்க மைதானத்துக்கு வந்து கத்திய கோவை ரசிகருக்கு, தன் அணியின் வாழ்நாள் ஆட்டத்தைப் பார்க்க 1,500 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டியிருந்தது.

எதிரே நின்ற ரிஃபாவைப் பார்ப்போம். பஹ்ரைனின் மக்கள்தொகை 2020 கணக்கெடுப்பில் சுமார் 15 லட்சம், அதில் பாதிக்கும் மேல் வெளிநாட்டவர். மதுரை மாவட்டத்தின் மக்கள்தொகை 2011லேயே 30 லட்சத்தைத் தாண்டிவிட்டது. பரப்பளவிலும் பஹ்ரைன் நம் மாவட்டத்தில் கால்வாசிகூட இல்லை. அந்தச் சின்னத் தீவு 2019 டிசம்பரில், அதாவது அகமதாபாத் ஆட்டத்துக்கு ஐந்து வாரம் முன்னால், சவூதியை 1-0 என்று வென்று வளைகுடாக் கோப்பையை முதல் முறையாகக் கைப்பற்றியிருந்தது. ரிஃபா கழகம் 1953இல் ரிஃபா என்ற ஊரில் தொடங்கியது. நாட்டின் தேசிய அரங்கமும் அதே ஊரில்தான். பத்துக்கும் மேற்பட்ட லீக் பட்டங்கள் அதன் கணக்கில் உண்டு. அதைவிட அதிகம் வென்றது 1928இல் பிறந்த முஹர்ரக் மட்டுமே. பஹ்ரைனில் எண்ணெய் கிடைத்தது 1932இல். முஹர்ரக் கழகம் அதற்கு நான்கு வருஷம் மூத்தது.

இந்த வருஷங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று தெரியும். வளைகுடாக் கழகங்கள் எண்ணெய்ப் பணத்தால் பிறந்தவை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பெரும்பாலானவை ஊர்ப் பெயரோடும் தெருப் பையன்களோடும் பிறந்தவை. பணம் பின்னால் வந்தது. பண்பாட்டு மன்றமும் விளையாட்டு மன்றமும் ஒன்றாக இருக்கும். கால்பந்தோடு கைப்பந்தும் கூடைப்பந்தும் நடக்கும். சிறுவர், இளைஞர், பெரியவர் என்று வயது வாரியாக அணிகள் இருக்கும். அரசும் ஆளும் குடும்பங்களும் பணம் கொடுத்தபோது, அதை வாங்கிவைக்க அங்கே ஏற்கெனவே ஒரு பாத்திரம் இருந்தது.

ஐக்கிய அரபு எமிரேட்ஸின் அல் ஐன் கழகத்தை எடுத்துக்கொள்ளலாம். 1968இல், அந்த நாடு உருவாவதற்கு மூன்று வருஷம் முன்னால், பாலைவனச் சோலை நகரமான அல் ஐனில் தொடங்கியது. 2003இல் ஆசிய சாம்பியன்ஸ் லீக்கை வென்றது. எமிரேட்ஸ் லீக் 2008இல் முழுத் தொழில்முறைக்கு மாறியது. உமர் அப்துல்ரஹ்மான் என்ற சிறுவன் ரியாத்தில் வளர்ந்தவன், குடும்பத்தின் பூர்வீகம் யேமன். அவனுடைய குடும்பத்துக்கே குடியுரிமை கிடைக்க வழிசெய்து, இளையோர் அணியில் சேர்த்து வளர்த்தது அல் ஐன். 2016இல் அவர் ஆசியாவின் சிறந்த வீரர். 2014இல் 25,000 பேர் அமரும் ஹஸ்ஸா பின் சயீத் அரங்கம் திறந்தது. 2018இல் உலகக் கழகக் கோப்பையில் அர்ஜென்டினாவின் ரிவர் பிளேட்டைப் பெனால்டியில் வீழ்த்தி இறுதிக்குப் போய், ரியல் மாட்ரிடிடம் 1-4 என்று தோற்றது.

2024இல் அல் ஐன் செய்தது அதைவிடப் பெரியது. ரொனால்டோ ஆடிய அல் நஸ்ரைக் காலிறுதியில் பெனால்டியில் வெளியேற்றியது. அரையிறுதியில் எதிரணி அல் ஹிலால், தொடர்ந்து 34 ஆட்டங்கள் ஜெயித்து உலக சாதனை படைத்திருந்த அணி. சொந்த மண்ணில் அல் ஐன் 4-2 என்று அதன் ஓட்டத்தை நிறுத்தியது, மொராக்கோவின் சுஃபியான் ரஹீமி மூன்று கோல். இறுதியில் ஜப்பானின் யோகோஹாமாவிடம் முதல் ஆட்டத்தில் 1-2 என்று தோற்றுவிட்டு, இரண்டாவது ஆட்டத்தைத் தன் ஊரில் 5-1 என்று வென்றது. நாக் அவுட் சுற்றின் ஒவ்வொரு கட்டத்திலும் ஊர் அரங்கம் அந்த அணிக்கு என்ன கொடுத்தது என்பதை ஸ்கோரே சொல்கிறது.

பணம் முக்கியமே இல்லை என்று நான் சொல்லவில்லை. சவூதியின் பொது முதலீட்டு நிதியம் 2023இல் அல் ஹிலால், அல் நஸ்ர், அல் இத்திஹாத், அல் அஹ்லி ஆகிய நான்கு கழகங்களிலும் தலா 75 சதவீதத்தை எடுத்துக்கொண்டது. அதன் பிறகு நடந்ததை உலகமே பார்த்தது. நெய்மாரைக் கொண்டுவந்த அல் ஹிலால் அந்த ஆண்டே மும்பை சிட்டியை ரியாத்தில் 6-0, நவி மும்பையில் 2-0 என்று வென்றது. 2025 உலகக் கழகக் கோப்பையில் மான்செஸ்டர் சிட்டியையே 4-3 என்று வீழ்த்தியது. ஆனால் அல் ஹிலால் 1957இல் பிறந்த கழகம். நிதியம் உள்ளே வருவதற்கு முன்பே நான்கு முறை ஆசியாவை வென்றுவிட்டது. அந்தப் பணத்தைத் தாங்க அறுபது வருஷத்து அடித்தளம் அங்கே இருந்தது.

அந்தப் பணத்துக்குள் நம் ஆட்களின் வியர்வையும் இருக்கிறது. கத்தார் உலகக் கோப்பைக்கு அரங்கம் கட்டப்போன தெற்காசியத் தொழிலாளிகள் பட்ட பாடு உலகம் அறிந்தது. வளைகுடாக் கழகங்களிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது என்று சொல்லும்போது அதை மறைத்துவிட்டுச் சொல்லக் கூடாது. கற்க வேண்டியது கழகத்தை ஊரோடு கட்டிய முறையை மட்டும்தான்.

ஆசியக் கூட்டமைப்பு ஒரு கழகத்துக்கு உரிமம் தர ஐந்து விஷயங்களைப் பார்க்கிறது: விளையாட்டு வளர்ப்பு, மைதான வசதி, பொறுப்பாளர்கள், சட்ட நிலை, நிதி. முதலில் வருவது இளையோர் அணிகள். சென்னை சிட்டியிடம் திறமை இருந்தது, வழிகாட்டி இருந்தார், ஒரு கோப்பையும் இருந்தது. சொந்தமாக ஒரு மைதானம் இல்லை. கோப்பை வந்த வேகத்தில் ஆட்களும் கலைந்தார்கள். கோர்டில்லோ ஹைதராபாத்துக்குப் போனார். எட்வின் சென்னையின் எஃப்சிக்கு. மான்சி ஜப்பானுக்கு. பிறகு ரொமாரியோ கோவாவுக்கு, அஜித்குமார் பெங்களூருக்கு. 2020 மார்ச்சில் ஆசியாவின் இரண்டாம் தரப் போட்டியான ஏ.எஃப்.சி. கோப்பையில் மாலத்தீவின் மாசியாவோடு 2-2 என்று ஆடினார்கள். அத்தோடு பெருந்தொற்று வந்தது, போட்டியே ரத்தானது. 2020-21 ஐ-லீக்கை எல்லாக் கழகங்களும் மேற்கு வங்கத்திலேயே தங்கி ஆடின. அடுத்த பருவத்தின் ஐ-லீக் பட்டியலில் சென்னை சிட்டியின் பெயர் இல்லை. வாகை சூடி மூன்று வருஷம்கூட ஆகவில்லை. கோவையில் அதற்காக ஊர்வலம் போனவர் யாரும் இல்லை. கோவை மக்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்களுடையது என்று யாரும் அவர்களிடம் அந்தக் கழகத்தை ஒப்படைக்கவில்லை.

தமிழ்நாட்டுக் கால்பந்துக்கு 2019இல் இன்னொரு வாகையும் கிடைத்தது. அது எங்கள் பக்கத்துக்கு வந்தது. மே 22ஆம் தேதி லூதியானாவில் நடந்த இந்திய மகளிர் லீக் இறுதியில் மதுரையின் சேது எஃப்சி, மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்றது. நேபாளத்தின் சபித்ரா பண்டாரி, மணிப்பூரின் ரத்தன்பாலா தேவி, கடலூரின் இந்துமதி கதிரேசன் எல்லாம் ஆடிய அணி. ஆண்கள் லீக்கும் பெண்கள் லீக்கும் ஒரே பருவத்தில் ஒரே மாநிலத்துக்கு. சென்னை சிட்டிக்குக் கிடைத்த வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்கு சேதுவுக்குக் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம். ஆனால் நின்றது சேதுதான். 2021-22 பருவத்தில் தோல்வியே இல்லாமல் கடைசி ஆட்டம் வரை வந்து, கோகுலத்திடம் 1-3 என்று தோற்று இரண்டாம் இடம் பிடித்தது.

இந்த வெற்றிக்கு எங்கள் மண்ணில் தனி அர்த்தம் உண்டு. 1980களில் பெண் சிசுக்கொலைச் செய்திகளால் நாடே அறிந்த பெயர் உசிலம்பட்டி. அந்தப் பழியை இந்த ஊர்ப் பெண்கள் இன்னும் சுமந்துகொண்டுதான் வெளியூருக்குப் படிக்கவும் வேலைக்கும் போகிறார்கள். அதே மதுரைச் சீமையிலிருந்து ஒரு பெண்கள் அணி இந்தியாவை வென்று வந்தது. நம் பள்ளிச் சுவர்களில் அந்த அணியின் படம் இருந்திருக்க வேண்டும். ஊருக்கு அழைத்து மாலை போட்டிருக்க வேண்டும். நம் பெண்பிள்ளைகள் அந்த வீராங்கனைகளின் கையைத் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

உசிலம்பட்டி நகராட்சியின் மக்கள்தொகை 2011இல் சுமார் 35,000. சுற்றியுள்ள கிராமங்களையும் சேர்த்தால் பல மடங்கு. ஒரு கழகத்துக்கு இது தாராளம். கபடிக் குழு நடத்தத் தெரிந்த ஊருக்குக் கழகம் நடத்த யாரும் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை. வசூல் செய்ய, விளக்குக் கட்ட, வெளியூர் அணிக்குச் சாப்பாடு போட, விடிய விடியப் பந்தயம் நடத்த நம் பையன்களுக்குத் தெரியும். இல்லாதது தொடர்ச்சிதான். திருவிழாவுக்கு ஒரு நாள் கூடிக் கலைவதற்குப் பதில், வருஷம் முழுக்கப் பிள்ளைகள் வந்துபோகும் ஒரு கிரவுண்டு வேண்டும்.

அதற்கான வழி இப்போது இருக்கிறது. அகில இந்தியக் கூட்டமைப்பு 2018இலிருந்து பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குச் சிறார் லீக் நடத்த ஊர் அமைப்புகளுக்கு இடம் கொடுத்துவருகிறது. ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆடலாம். பெரிய மைதானம் தேவையில்லை. பள்ளிக்கூடத் திடலில் சனி, ஞாயிறு காலை போதும். வளைகுடாவிலிருந்து கோயில் கொடைக்கும் கபடிக் கோப்பைக்கும் பணம் அனுப்பும் நம் சொந்தங்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வருஷம் அனுப்பும் பணத்தில் ஒரு பங்கை ஊர்ப் பிள்ளைகளின் பந்துக்கும் பூட்ஸுக்கும் ஒரு பயிற்சியாளரின் மாதச் சம்பளத்துக்கும் ஒதுக்குங்கள். பெயர்ப்பட்டியலில் பெண்பிள்ளைகளின் பெயரை முதலில் எழுதச் சொல்லுங்கள்.